ஓடோமீட்டர் சொல்லாத வயது - அப்பாவின் பைக் கற்றுத்தந்த பாடம்! | டூவீலர் டைரி

வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு இறங்கும் பாதையில் மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள். பாதிக்கு மேல் இறங்கியிருப்போம். முன் பிரேக்கைப் பிடித்தேன். லீவர் ஹேண்டில்பார் வரைக்கும் வந்துவிட்டது. வண்டியோ நிற்கவில்லை.

பின்னால் அப்பா உட்கார்ந்திருந்தார்.

'டூவீலர் டைரி'யில் இதுவரை மற்றவர்களின் வண்டிக் கதைகளைத்தான் எழுதியிருக்கிறேன். இந்த வாரம் எங்கள் வீட்டு வண்டியின் கதை.

2013-ல் அப்பா வாங்கிய 150 சிசி பைக் அது. பொள்ளாச்சியைச் சுற்றி ஊர் ஊராகப் போய்ப் பார்க்கும் வேலை அவருக்கு. ஓய்வு பெறும்போது ஓடோமீட்டர் 87,000 கிலோமீட்டரைத் தொட்டிருந்தது. அதன் பிறகு 3 வருடமாக வண்டி வாசலில்தான் நின்றது. வாரத்துக்கு ஒருமுறை ஸ்டார்ட் செய்து, மார்க்கெட் வரை ஓட்டுவதோடு சரி.

"வால்பாறைக்கு ஒருக்கா இந்த வண்டியிலயே போய்ட்டு வரோணும் கண்ணு" என்று அப்பா சொன்னதும் எனக்குக் குஷி. சென்னையிலிருந்தே ஆர்டர் போட்டேன். டாப் பாக்ஸ், அதற்கு ஒரு கேரியர், 2 ஃபாக் லைட், மொபைல் ஹோல்டர். மொத்தம் 9,400 ரூபாய். இன்ஜின் ஆயிலை மாற்றினேன், செயினுக்கு லூப் அடித்தேன். வண்டி ரெடி என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று மலையில் எங்களைக் காப்பாற்றியது அந்த 9,400 ரூபாயில் எதுவும் இல்லை.

"பதறாத கண்ணு... கியரைக் குறை. பின் பிரேக்கை விட்டு விட்டுப் புடி" என்றார் அப்பா. மூன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து ஒன்று. இன்ஜின் உறுமியது, வேகம் குறைந்தது. பின் சக்கரத்தில் டிரம் பிரேக் என்பதால் அது பிடித்தது. மலைப் பக்கமாக ஒதுக்கி நிறுத்திவிட்டோம். இறங்கியபோது எனக்குக் கால் நடுங்கியது. அப்பா தண்ணீர் பாட்டிலைத் திறந்து என்னிடம்தான் முதலில் கொடுத்தார்.

அரை மணி நேரம் கழித்து லீவரைப் பிடித்தால் பழையபடி இறுக்கமாக இருந்தது! அதன் பிறகும் நம்பாமல் முதல் கியரிலேயே ஆழியாறு வந்து சேர்ந்தோம்.

என்ன நடந்தது?

மறுநாள் பொள்ளாச்சியில் எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணனிடம் போனோம். பிரேக் ஃப்ளூயிட் டப்பாவின் மூடியைத் திறந்து காட்டினார். புதிதாக இருக்கும்போது வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டியது, டீ டிகாக்‌ஷன் மாதிரி இருந்தது.

பிரேக் ஃப்ளூயிட் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். வண்டி ஓடினாலும் உறிஞ்சும், நின்றாலும் உறிஞ்சும். பெரும்பாலான பைக்குகளில் ஊற்றும் டாட் 4 வகை ஃப்ளூயிட், புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிவிட்டால் அந்த அளவு 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். நான் இறக்கம் முழுக்க முன் பிரேக்கைப் பிடித்தபடியே வந்தேன். டிஸ்க் சூடாகி, ஃப்ளூயிட் கொதித்து, உள்ளே ஆவிக்குமிழ்கள். லீவரை அழுத்தினால் அந்தக் குமிழ்கள்தான் நசுங்கும், பிரேக் பேட் அழுந்தாது. சூடு ஆறினால் குமிழ் மறைந்து பிரேக் திரும்பிவிடும். அதனால்தான் அரை மணி நேரத்தில் 'சரியாகிவிட்டது' போலத் தோன்றியது.

ஃப்ளூயிட் மாற்றி, ஏர் எடுக்க ஆன செலவு 350 ரூபாய்.

அப்பாவின் நோட்டு

அப்பா கணக்கில் கறார். வண்டிக்கென்றே ஒரு நோட்டு வைத்திருந்தார். வீட்டுக்கு வந்து புரட்டினேன். 35 தடவை ஆயில் மாற்றியது, 4 செயின் செட், டயர், பிளக், கிளட்ச் ஒயர்... எல்லாம் கிலோமீட்டரோடு எழுதியிருந்தார். பிரேக் ஃப்ளூயிட் என்ற வார்த்தை ஓர் இடத்தில்கூட இல்லை.

அப்பா அசட்டையான ஆள் இல்லை. அவர் கிலோமீட்டரைப் பார்த்துப் பராமரித்தார். ஆனால் வண்டிக்கு 2 வயது உண்டு. ஒன்று ஓடிய தூரம், இன்னொன்று கடந்துபோன வருடங்கள். ஓடோமீட்டர் முதலாவதை மட்டும்தான் காட்டும்.

நிறைய ஓடியதாலேயே ஒரு வண்டி வீணாகிவிடாது. அர்ஜென்டினாவின் எமிலியோ ஸ்காட்டோ 1985 முதல் 1995 வரை ஒரே ஹோண்டா கோல்டு விங் பைக்கில் உலகம் சுற்றினார். ஏறக்குறைய 7,35,000 கிலோமீட்டர்! எங்கள் வண்டி போல எட்டு வண்டி ஓடும் தூரம். லட்சத்தை நெருங்கும் பைக்கில் டூர் போக நினைப்பவர்கள் பயப்பட வேண்டாம். 2 வயதையும் தனித்தனியாகப் பார்த்தால் போதும்.

வருடத்தைப் பார்த்து மாற்ற வேண்டியவை

பிரேக் ஃப்ளூயிட்: 2 வருடத்துக்கு ஒருமுறை. வண்டி ஓடாமல் நின்றிருந்தாலும் மாற்ற வேண்டும். டிஸ்க்குக்குப் போகும் ரப்பர் ஹோஸில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

டயர்: பட்டன் நன்றாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். டயரின் பக்கவாட்டில் 4 இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருடத்தின் 23-வது வாரம் தயாரானது. பழைய ரப்பர் இறுகிவிடும், மழையில் வழுக்கும். பக்கவாட்டில் மெல்லிய வெடிப்புகள் தெரிந்தால் டூருக்கு அந்த டயர் வேண்டாம்.

பேட்டரி: டூருக்கு முன் ஒருமுறை சோதித்துவிடுங்கள். மலை உச்சியில் செல்ஃப் எடுக்காமல் போனால், லக்கேஜோடு தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

கிலோமீட்டரைப் பார்த்து மாற்ற வேண்டியவை

செயின் செட்: ஸ்ப்ராக்கெட் பல் ஒரு பக்கம் சாய்ந்து கொக்கி போலாகியிருந்தால் ஆயுள் முடிந்தது. செயின், 2 ஸ்ப்ராக்கெட் மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். புதுச் செயினைப் பழைய பல்லில் மாட்டினால் அதுவும் சீக்கிரம் தேயும். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி, நாலைந்து இடத்தில் தொய்வைப் பாருங்கள். ஓர் இடத்தில் இறுக்கமாகவும் இன்னோர் இடத்தில் தளர்வாகவும் இருந்தால் அதுவும் மாற்ற வேண்டிய அறிகுறிதான்.

கோன் செட்: சென்டர் ஸ்டாண்ட் போட்டு, முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஹேண்டில்பாரை மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் 'டொக்' என்று பிடித்து நின்றால் கோன் செட் போய்விட்டது. வளைவில் வண்டி நம் பேச்சைக் கேட்காது. அப்படியே சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் வீல் பேரிங்கைக் கவனியுங்கள்.

ஆயில்: பாட்டிலில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்க வேண்டும். காருக்கான ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம். நிறைய ஓடிய இன்ஜின் கொஞ்சம் ஆயில் குடிக்கும். டூரில் தினமும் காலையில் அளவு பாருங்கள். சைலன்சரில் நீலப் புகை வந்தால் டூரைத் தள்ளிப்போட்டு முதலில் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

அதற்கு அப்புறம்தான் அலங்காரம்

என் டாப் பாக்ஸைப் பார்த்து மெக்கானிக் அண்ணன் கேட்டார்: "தம்பி, கழுத்துக்கு நகை போட்டாச்சு... பல்லுல சொத்தை இருக்கானு பாத்தீங்களா?"

டாப் பாக்ஸ் பின் அச்சுக்கும் பின்னால், உயரத்தில் இருக்கிறது. அதில் கனமான பொருளை வைத்தால் முன் சக்கரம் லேசாகி ஹேண்டில்பார் ஆடும். மழை கோட்டு, துணி போன்ற லேசானவற்றுக்கு மட்டும் அது. டூல்ஸ், தண்ணீர் போன்ற கனமானவை இரு பக்கமும் தொங்கும் சாடில் பேக்கில், தாழ்வாக, சம எடையில் இருக்கட்டும். பின்னால் ஆள் உட்காரும்போது டயருக்கு எவ்வளவு காற்று என்பது வண்டியிலேயே ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும். வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் பிடிக்க வேண்டும்.

ஃபாக் லைட் மாட்டினால் ரிலேவும் ஃபியூஸும் கட்டாயம். ஹெட்லைட் ஒயரிலேயே ஒட்டுப்போட்டால் ஒயர் சூடாகி உருகலாம்.

கையோடு எடுத்துப்போக வேண்டியவை குறைவுதான். பஞ்சர் கிட், சின்ன பம்ப், ஒரு பிளக், ஃபியூஸ், செயின் லிங்க், ஸ்பேனர். டியூப் டயர் என்றால் ஒரு டியூபும் டயர் லீவரும். புதுக் கிளட்ச் ஒயரைப் பழைய ஒயரோடு ஒட்டியபடியே டேப் சுற்றி வைத்துவிடுங்கள். வழியில் அறுந்தால், 10 நிமிடத்தில் மாற்றிவிடலாம்.

இதோடு செலவில்லாத ஒன்றும் இருக்கிறது. எந்த கியரில் மலை ஏறினோமோ அந்த கியரில்தான் இறங்க வேண்டும். அப்பாவுக்கு அது பழக்கம். எனக்குத் தெரிந்திருந்தும் கை பிரேக்குக்குத்தான் போனது.

அப்பாவின் நோட்டில் புதிதாக ஒரு பக்கம் தொடங்கியிருக்கிறோம். இடது பக்கம் கிலோமீட்டர், வலது பக்கம் தேதி. வலது பக்கத்தின் முதல் வரியில் 'பிரேக் ஃப்ளூயிட்' என்று எழுதிவிட்டு, அப்பா பேனாவை மூடினார். "அடுத்த மாசம் மறுபடி வால்பாறை போலாமா கண்ணு? இந்த வாட்டி நான் ஓட்டறேன்!"