நெடுந்தீவுக்குத் தெரு எது?

பலாலியில் வந்திறங்கும் விமானப் பயணி யாழ்ப்பாண நகரை அடையுமுன் எமது திருநெல்வேலியைக் கடந்தே செல்கிறார். சந்தை வாசலில் வாகனம் சற்றுத் தயங்கும். கத்தரிக்காய்க்கும் வெங்காயத்துக்கும் விலை பேசும் குரல் அவர் செவியில் விழும். சென்னையிலே காலைக் கோப்பி அருந்தியவர் மத்தியானச் சோற்றுக்கு இங்கே வந்துவிடலாம். வானத்தில் அவர் கழித்த நேரம் ஒன்றே கால் மணியளவுதான்.

இதனைக் கண்டு மகிழாதவர் எம்முள் யாருமில்லர். ஆனால் அந்தப் பயணி நெடுந்தீவிற் பிறந்தவர் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய தாயார் அங்கே, கடற்பாறைக் கற்களை அடுக்கிய வேலிக்குள்ளே, மகன் வரவை நோக்கி இருக்கிறார். பாக்கு நீரிணையை ஒன்றேகால் மணியிற் கடந்த அந்த மகன், யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதி ஏறி, வேலணை தாண்டி, புங்குடுதீவின் மேற்கு முனையிலுள்ள குறிகட்டுவான் துறையை அடையும்போது கடைசிப் படகு போயிருந்தால், அன்றிரவு யாராவது உறவினர் வீட்டுத் திண்ணையிலேதான் படுக்க வேண்டும். சோளகம் பெயர்ந்து கடல் கொந்தளித்தால் மறுநாளும் நிச்சயமில்லை. ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு வருவது எளிதாகிவிட்டது. ஒரே மாவட்டத்தின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குப் போவதுதான் அரிதாயிருக்கிறது.

பலாலியின் கதை பழையது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய வான்படை அமைத்த ஓடுபாதை அது. 1947 டிசம்பர் 10ஆம் நாள் எயர் சிலோன் நிறுவனத்தின் முதற் சேவை இரத்மலானையிற் புறப்பட்டு, எமது வடகரையில் இறங்கி, பின்னர் சென்னை சென்றது. சுதந்திரம் பெறுவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னரே யாழ்ப்பாணத்தார்க்கு வானவழி திறந்திருந்தது என்பதை இளந்தலைமுறையினர் பலர் அறியார். யுத்தம் அந்த வழியை அடைத்தது. 2019 அக்டோபரிலே சர்வதேச விமான நிலையம் என்ற பெயருடன் அது மீண்டும் திறக்கப்பட்டது. நவம்பரிலே சென்னைச் சேவை தொடங்கியது. நாலு மாதத்தில் கொள்ளைநோய் வந்து அதனை நிறுத்தியது. 2022 டிசம்பர் 12இல் மறுபடி விமானம் வந்தது. 2023 அக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பலும் ஓடியது. சில நாட்களில் அது நின்றபோது பத்திரிகைகள் எத்தனை பத்தி எழுதின! அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அது திரும்பி வந்தபோது மாலைகளும் வரவேற்புரைகளும் எத்தனை! அவையெல்லாம் வேண்டியவையே. குறிகட்டுவானிற் படகு நிற்கும் நாட்களுக்கு ஒரு பத்தியாவது கிடைக்கிறதா என்பதே எமது கேள்வி.

அந்தத் துறையைக் காணாதவர்களுக்காகச் சில சொற்கள். காலையிலே தீவிலிருந்து வரும் படகில் மாவட்ட வைத்தியசாலையிற் குணமாக்க முடியாத நோயாளர் வருவர். வங்கிக்கும் கச்சேரிக்கும் போகின்றவர் வருவர். கட்டிய ஆடும், பனங்கிழங்குக் கடகமும், கருவாட்டுச் சிப்பமும் வரும். திரும்புகிற படகிலே அரிசி மூட்டை, சீமெந்து, எரிவாயுச் சிலிண்டர், திருநெல்வேலிச் சந்தை மரக்கறி, பள்ளிப் புத்தகம் எல்லாம் மனிதரோடு மனிதராக ஏறும். ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். விடுமுறை நாட்களிலே குதிரைகளையும் பெருக்கமரத்தையும் ஒல்லாந்தர் கோட்டையின் இடிபாட்டையும் காண வெளியூரார் திரளும்போது, தீவின் கிழவி தன் ஊருக்குப் போகும் படகிலே தானே இடம் தேடி நிற்கவேண்டியவளாகிறாள். வருகின்றவரை நாம் குறைகூறவில்லை. அவர்கள் வரவால் அங்கே நாலு பேருக்குப் பிழைப்பு உண்டாகிறது. ஆனால் ஊராருக்கு இடம் கொடுத்த பின்னரே விருந்தினருக்கு என்னும் முறை ஒவ்வொரு படகிலும் ஒவ்வொரு நாளும் நடைமுறையாக வேண்டும்.

ஏதோ ஐம்பது சதுர கிலோமீற்றர் பரப்பும் சில ஆயிரம் குடிமக்களும் உள்ள தீவுக்காக இத்தனை கவலையா என்று கேட்பார் உளர். கொழும்பிலே மட்டுமன்று, யாழ்ப்பாண நகரத்து நாற்காலிகளிலிருந்தும் இந்தக் கேள்வி வருகிறது. அவர்களுக்கு அண்மைக் காலத்து நினைவு ஒன்றை எடுத்துரைக்க விரும்புகிறோம்.

1990 முதல் 2002 வரையும், பின்னர் 2006 ஆகஸ்டிலிருந்து யுத்தம் முடியும் வரையும், குடாநாட்டைத் தென்னிலங்கையோடு இணைக்கும் கண்டி வீதி எமக்கு மூடிக்கிடந்தது. அந்நாட்களில் யாழ்ப்பாணக் குடாநாடே ஒரு தீவாயிற்று. கிளாலிக் கடலேரியை இருட்டிலே வள்ளத்திற் கடந்தவர்கள் எம்மிடையே இன்றும் வாழ்கிறார்கள்; கடக்கப் போய்த் திரும்பாதவர்களின் படங்கள் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் இருக்கின்றன. பின்னர் பலாலியிலிருந்து விமானம், இல்லையேற் காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலைக்குக் கப்பல் என்பதே எமது தெருவாயிற்று. அனுமதிச் சீட்டுக்கு ஒரு வரிசை, பயணச் சீட்டுக்கு ஒரு வரிசை. 1998 செப்டெம்பர் 29ஆம் நாள் பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட பயணிகள் விமானம் மன்னார்க் கடலில் வீழ்ந்து, அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். மகளின் கலியாணத்துக்குக் கொழும்பு போவதா, போகாமல் விடுவதா என்று குடும்பங்கள் கூடி யோசித்த காலம் அது. சத்திரசிகிச்சைக்குத் திகதி கிடைத்தும் கப்பலிலே இடம் கிடையாத காலம் அது.

அன்று நாம் பட்டதை நெடுந்தீவார் யுத்தத்திற்கு முன்னும் பட்டனர், யுத்தத்திலும் பட்டனர், இன்றும் படுகின்றனர். யுத்தத்தில் அவர்கள் பட்டது எம்மிலும் கொடியது. 1985 மே 15ஆம் நாள் மாவலித்துறையிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகை நடுக்கடலில் மறித்துப் பயணிகளை வெட்டிக் கொன்றனர். பெண்களும் முதியோரும் கைக்குழந்தையும் அதில் அடக்கம். ஆண்டுதோறும் அந்நாளில் தீவார் துறையிலே கூடி விளக்கேற்றுகிறார்கள். ஏற்றிவிட்டு, மறுநாள் அதே கடலிலே படகேறித்தான் ஆகவேண்டும். அவர்களுக்கு வேறு வழி இல்லை.

ஆகவே நாம் சொல்ல வந்தது இது: குறிகட்டுவானுக்கும் மாவலித்துறைக்கும் இடையிலுள்ள கடலை ஒரு தெருவாகக் கொள்ள வேண்டும். பலாலி வீதி எப்படித் தெருவோ அப்படியே. தெருவிலே குழி விழுந்தால் நிரப்புவது அரசின் கடமை என்பதை யாரும் மறுப்பதில்லை. எத்தனை பேர் அந்தத் தெருவால் நடக்கிறார்கள், அவர்களிடமிருந்து எவ்வளவு வசூலாகிறது என்று எண்ணிப் பார்த்துக் குழியை மூடுவாருமில்லை. படகு என்றவுடன் மாத்திரம் இலாப நட்டக் கணக்கு எங்கிருந்து வருகிறது?

இது எமது புதுக் கற்பனையன்று. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே வாகனங்களை ஏற்றிச் செல்லும் மிதவைக்கு எமது மக்கள் இட்ட பெயர் என்ன? ‘பாதை’ என்பதே. பாதை வந்துவிட்டதா, பாதை போய்விட்டதா என்று கேட்கிறார்கள். பொறியியல் படிக்காத எமது பாட்டன்மார்க்கு மிதந்து செல்வதும் தெருவே என்பது விளங்கியிருந்தது. குமுதினிப் படகும் வீதி அபிவிருத்தி அதிகாரசபையின் பொறுப்பிலேயே இருந்து வந்தது என்பது ஈண்டுக் கவனிக்கத்தக்கது. அதாவது இந்தக் கடல் தெருவென்று அரசே ஒருகால் ஒப்புக்கொண்டிருக்கிறது. ஒப்புக்கொண்டதற்குரிய பணமும் பராமரிப்பும் பின்தொடரவில்லை என்பதே எமது குற்றச்சாட்டு. முதுமையடைந்த படகு பழுதுபார்க்கப் போனால் அதற்குப் பதிலாக ஓட வேறொன்று ஆயத்தமாய் நிற்பதில்லை. 2017இல் நெடுந்தாரகை என்னும் புதிய படகு வெளிநாட்டு உதவியோடு கிடைத்தது. படகை வாங்கிக் கொடுப்பது ஒருநாட் செலவு. டீசலும் மாலுமிகளின் சம்பளமும் இயந்திரப் பழுதும் நாட்செலவு. நாட்செலவைத் தாங்கும் பெட்டி எது என்று முதலில் எழுதி வையாமற் கொடுக்கப்படும் எந்தப் படகும் சிறிது காலத்திற் கரையிற் கிடக்கும். 2022இல் நாடு முழுவதும் எரிபொருளுக்காக வரிசையில் நின்றபோது தரையிலிருந்தவன் சைக்கிளில் ஏறினான். தீவிலிருந்தவன் எதில் ஏறுவான்?

எம்மவர் ஆயிரக்கணக்கில் வாழும் நோர்வேயைப் பார்ப்போம். அங்கே மலைகளுக்கிடையே கடல் உள்நுழைந்து தெருவை வெட்டுகிற இடங்களில், அக்கடலைக் கடக்கும் படகுகளை நெடுஞ்சாலையின் ஒரு துண்டாகவே கணக்கிட்டு நடத்துகிறார்கள். ஸ்கொத்லாந்திலே 2008 முதல், முதலிற் சில தீவுகளுக்கும் பின்னர் மேற்குக் கரைத் தீவுகள் அனைத்துக்கும், அதே தூரத்தைத் தரையிலே மோட்டார் வண்டியில் ஓடினால் ஆகும் செலவை ஒட்டிப் படகுக் கட்டணத்தை வகுத்தனர். அங்கும் எல்லாம் தேன்பாகு என்று எண்ணவேண்டாம். 2018இல் ஓடவேண்டியதாகச் சொல்லப்பட்ட ஒரு கப்பல் 2025இலேதான் கடலுக்கு வந்தது, தீவார் கொதித்தெழுந்தனர். ஆனால் அவர்கள் கொதித்தது, தமக்குரிய தெருவைத் தரவில்லை என்ற உரிமைக் குரலில். எமது தீவார் இன்னமும் மனு எழுதுகிறார்கள். அயலிலுள்ள இலட்சத்தீவைப் பார்த்தாலும் போதும். கொச்சியிலிருந்து அகத்தி வரை விமானம், அங்கிருந்து மற்றத் தீவுகளுக்குக் கப்பல் அல்லது ஹெலிகொப்டர் என்று, குறைகள் பல இருப்பினும், ஒன்றோடொன்று பொருந்தும் ஒழுங்கு ஒன்றை அங்கே வகுத்திருக்கிறார்கள். விமானம் இறங்கும் வேளையைப் படகு அறியாதது எங்கள் ஊரிலேதான்!

இனி எமது கமக்காரரோடு ஒரு வார்த்தை. நெடுந்தீவிலே மண் மெல்லியது. கீழே சுண்ணாம்புப் பாறை. பல பகுதிகளிற் கிணற்று நீர் உவர். ஆகவே எமது செம்மண்ணில் விளையும் மரக்கறி அவர்களுக்கு வேண்டும். அவர்களிடம் ஆடும் மாடும் பனையும் மீனும் உண்டு; அவை எமக்கு வேண்டும். முன்னாளிலே தீவகத்து எரு வள்ளங்களில் வந்து குடாநாட்டுப் புகையிலைத் தோட்டங்களிற் சேர்ந்ததை முதிய தோட்டக்காரர் சொல்லக் கேட்டிருக்கிறோம். இன்று அந்தப் பண்டமாற்று மெலிந்துபோனதற்குக் காரணம் தூரமன்று. படகு வருமா வராதா என்ற ஐயமே விலையை ஏற்றுகிறது. மத்தியானம் வரை துறையில் வெயிலிற் கிடந்த தக்காளியை எவன் முழுவிலைக்கு வாங்குவான்? அந்த நட்டத்தில் ஒரு பங்கு திருநெல்வேலியில் விளைத்தவன் தலையில், மறுபங்கு தீவில் உண்பவன் தலையில். ஆகவே தீவின் படகுக்காகக் குரல் கொடுப்பது கமக்காரர் செய்யும் தர்மமன்று. தமது பொருளுக்குச் சந்தை கேட்பதே.

உத்தியோகத்தரோடு பேசுவது சற்றுக் கடினம். ஏனெனில் நாமும் அவர்களுள் அடக்கம். வைத்தியர், ஆசிரியர், பொறியியலாளர், நிருவாகிகள் பலர் எமது திருநெல்வேலிப் பல்கலைக்கழகத்தில் உருவானவர்கள். நெடுந்தீவுக்கு மாற்றம் என்று கடிதம் வந்ததும் அதனை நீக்குவதற்கு யார் யாரைப் பிடிப்பது என்று அன்றே ஆலோசனை தொடங்குகிறது. இதை மறைப்பதிற் பயனில்லை. கணித ஆசிரியர் இல்லாத வகுப்பிலிருந்து எந்தப் பிள்ளை பொறியியல் பீடத்துக்கு வரும்? ஆனால் வெறுமனே கடிந்துரைப்பதாலும் பயனில்லை. திங்கள் காலை போகவும் வெள்ளி மாலை திரும்பவும் நிச்சயமான படகு இருந்தால், இளம் ஆசிரியை ஒருத்தி இரண்டு வருடம் அங்கே இருக்க மறுக்கமாட்டாள். காற்றும் கடலும் யாருக்கும் கட்டுப்பட்டவையல்ல, அது அறிவோம். வானிலை நிலையம் எமது திருநெல்வேலியிலேயே இருக்கிறது. அங்கிருந்து வரும் எச்சரிக்கை முதல்நாள் மாலையே துறைக்கும், தீவின் வைத்தியசாலைக்கும், பாடசாலைகளுக்கும் எட்டிவிட்டால், படகு ஓடாத நாளையும் மக்கள் முன்கூட்டியே அறிந்து தம் காரியங்களை ஒதுக்கிக்கொள்வர். கருப்பவதிகளை ஒருநாள் முன்னதாகவே இக்கரைக்குக் கொண்டுவரவும் கூடும். இதற்குக் கோடிக்கணக்கான பணம் வேண்டியதில்லை.

வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் இடையிலுள்ள தாம்போதியை மக்கள் இன்றும் வாணர் தாம்போதி என்று வழங்குகிறார்கள். அதற்காக ஓயாது உழைத்த சகோதரர் இருவரின் பெயர் அது. பாலம் கட்டக்கூடிய கடலுக்கு அவர்கள் பாலம் கேட்டனர், கிடைத்தது. பாலம் கட்ட இயலாத கடலுக்கு நாம் படகு கேட்கிறோம்: ஓடுவதற்கு ஒன்று, அது பழுதானால் ஓடுவதற்கு இன்னொன்று, நோயாளருக்கென இரவும் பகலும் ஆயத்தமாய் விரைவுப் படகு ஒன்று. அவற்றின் எரிபொருளும் சம்பளமும் பராமரிப்பும் வீதிப் பராமரிப்புக் கணக்கிலே, தனித் தலைப்பின்கீழ், ஆண்டுதோறும் எழுதப்பட வேண்டும்.

வரப்போகும் வரவு செலவுத் திட்ட விவாதத்தில் எமது மாவட்டத்துப் பாராளுமன்ற உறுப்பினர்கள் விமான நிலையத்து ஓடுபாதையின் நீளத்தைப் பற்றிக் கேட்பார்கள், கேட்கட்டும். அதே மூச்சிலே, குறிகட்டுவான்–நெடுந்தீவுக் கடற்பாதைக்கு இவ்வாண்டு ஒதுக்கிய தொகை எவ்வளவு, சென்ற ஆண்டு ஒதுக்கியதிற் செலவானது எவ்வளவு என்ற இரண்டு கேள்விகளையும் எழுப்புவார்களாக. கிடைக்கும் விடையை, அது எதுவாயினும், அவர்களே குறிகட்டுவான் துறைக்கு வந்து மாலைப் படகுக்குக் காத்துநிற்கும் மக்களிடம் சொல்வார்களாக.