மருவுக்குச் சுண்ணாம்பு வேண்டாம்



விரலில் ஒரு மரு வந்துவிட்டால் போதும், நம் லயத்தில் வைத்தியம் உடனே தயார். வெற்றிலைச் சுண்ணாம்பையும் சலவைச் சோடாவையும் குழைத்து வைப்பார்கள். சிலர் ரப்பர் பாலை உறைய வைக்கும் ஆசிட்டையே தொட்டு வைக்கிறார்கள். "பாட்டி காலத்திலிருந்து இப்படித்தானே, என்ன ஆயிடுச்சு?" என்று கேட்பீர்கள். மரு உதிர்ந்த கையைத்தான் எல்லாரும் காட்டுவார்கள். புண்ணாகி, பால்வெட்டுக் கத்தியைப் பிடிக்க முடியாமல் போன கையை யார் காட்டுகிறார்கள்?

சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் ஈரத்தில் சேர்ந்தால் உண்டாவது காஸ்டிக் சோடா. அது மருவோடு நிற்காது, நல்ல தோலையும் தின்னும். முதலில் அதிகம் வலிக்காமல் இருக்கலாம். அதற்குள் ஆழமாக இறங்கிவிடும். நீரிழிவு உள்ளவர் காலில் இந்தப் புண் வந்தால் விரலையே இழக்க நேரலாம்.

மரு வைரஸ் கிருமியால் வருவது. பிள்ளைகளுக்கு வருவது பெரும்பாலும் இரண்டு ஆண்டுக்குள் தானே மறையும். மருந்து வேண்டுமென்றால் மருந்துக் கடையில் சாலிசிலிக் ஆசிட் கேளுங்கள். இரவில் 5 நிமிடம் வெந்நீரில் ஊற வைத்து, மேல்தோலை மெல்லத் தேய்த்து, சுற்றிலும் வாஸலின் பூசி, மருவின்மேல் மட்டும் மருந்தை வையுங்கள். 12 வாரம் வரை பொறுமை வேண்டும். எரிந்து புண்ணானால் நிறுத்திவிடுங்கள். முகத்திலும் மறைவிடத்திலும் கூடவே கூடாது. நீரிழிவுக்காரரும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. கறுத்து வளர்வதும் இரத்தம் கசிவதும் மரு என்று நினைத்துச் சும்மா இருக்காதீர்கள்.

ஏற்கெனவே சுண்ணாம்போ ஆசிட்டோ சுட்டுவிட்டதா? துடைத்துவிட்டு 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டுங்கள். எலுமிச்சை, புளி, எண்ணெய் எதுவும் வேண்டாம். பிறகு கிளினிக்குக்குப் போங்கள்.

"கிளினிக் போனா ஒரு நாள் சம்பளம் போச்சே" என்பதுதான் நம் பயம். சுண்ணாம்பைத் தேட வைப்பதும் அந்தப் பயம்தான். டாக்டர் எம்.சி. கொடுத்தால், 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி சம்பளத்தோடு விடுப்பு உண்டு. வேலைக்குச் சேர்ந்து இரண்டு ஆண்டு ஆகாதவருக்கே வருடத்துக்கு 14 நாள். 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவித்துவிடுங்கள். மருவுக்கு எம்.சி. கிடைக்காமலும் போகலாம். போனால் கொஞ்சம் கூலிதான் போகும், கை போகாது.

நிர்வாகத்துக்கும் ஒரு வார்த்தை: ஆசிட் டின்னைப் பூட்டி வையுங்கள். அதைத் தொட்டு வேலை செய்பவருக்குக் கையுறை கொடுங்கள். கேட்டு வாங்குவது நம் பொறுப்பு.