நிறத்தைப் படிக்கும் கண் யாருடையது?

சர்க்கரை அளவைப் பார்க்கும் குளுக்கோமீட்டர் இன்று பல வீடுகளில் வெப்பமானியைப் போல இடம்பெற்றுவிட்டது. பட்டையிலுள்ள நொதி இரத்தத்தின் குளுக்கோஸுடன் வினைபுரிகிறது. அப்போது விடுபடும் எலக்ட்ரான்கள் சிறு மின்னோட்டமாகின்றன. கருவி அதனை அளந்து எண்ணாகக் காட்டுகிறது. அக்கருவியை இயக்குவது பேட்டரி.

பேட்டரியும் கருவியும் இல்லாமலே இதைச் செய்ய இயலுமா என்று ஆய்வாளர்கள் முயன்று வருகின்றனர். குளுக்கோஸின் வினையே மின்சாரத்தைத் தருகிறது. அது பட்டையின் மற்றொரு பகுதியில் பூசப்பட்ட 'பிரஷ்யன் நீலம்' என்னும் நிறமியை அடையும்போது நீலம் வெளிறி மறைகிறது. படிக்க வெளிச்சமும் கண்ணும் போதும். மின்வசதி குறைந்த ஊர்களுக்கு இது நற்செய்தியே.

ஆயினும் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. நீரிழிவு நீண்டகாலம் நீடித்தவர்களுக்கு நீலம், மஞ்சள் ஆகியவற்றின் சாயல்களைப் பிரித்தறியும் திறன் குறையக்கூடும். கண்புரையும் நீலத்தை மங்கலாக்கும். சோதனை யாருக்கு மிகவும் தேவையோ அவர்களுடைய கண்ணே நீலத்தைச் சரியாகக் காணாதிருக்கலாம். நிறத்தைத் தவறாகப் படித்து இன்சுலினை மிகுதியாகப் போட்டுக்கொண்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடும்.

ஆகவே, நிறத்தின் அடர்த்தியைக் கண்டு ஊகிக்கும்படி இக்கருவிகள் அமையலாகாது என்பது என் கருத்து. எத்தனை கோடுகள் மறைந்தன என்று எண்ணிப் பார்க்கும்படி அமையலாம். கைபேசியின் கேமரா படித்து எண்ணைக் குரலில் சொல்லலாம். துல்லியத்திலும் விட்டுக்கொடுத்தல் கூடாது. வீட்டுக் கருவிகளுக்கான 2013ஆம் ஆண்டின் ஐ.எஸ்.ஓ. தரம், சர்க்கரை 100 மி.கி. அல்லது அதற்கு மேல் இருக்கையில், 100 அளவீடுகளில் 95ஆவது ஆய்வக முடிவிலிருந்து 15 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. பேட்டரி இல்லை என்பதற்காக இந்த வரம்பைத் தளர்த்தக் கூடாது.

இந்த எச்சரிக்கை இன்றைக்கும் பொருந்தும். சிறுநீரில் கீட்டோன் பார்க்கும் பட்டைகளை நிறம் கொண்டே படிக்கிறோம். பார்வை மங்கியவர் தனியே படிக்க வேண்டாம். வீட்டிலுள்ள ஒருவர் நல்ல வெளிச்சத்தில், புட்டியில் குறித்துள்ள நேரத்தில் படித்துச் சொல்லட்டும். விரல் குத்திப் பார்க்குமுன் கையைக் கழுவித் துடையுங்கள். பழம் உரித்த விரலில் ஒட்டிய இனிப்பும் சர்க்கரையை உயர்த்திக் காட்டும். உடலில் தோன்றும் அறிகுறிகளும் கருவி காட்டும் எண்ணும் முரண்பட்டால் மீண்டும் சோதியுங்கள். ஐயம் நீங்காவிடில் மருத்துவரைக் கேளுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை கண் பரிசோதனையும் தவறாதிருக்கட்டும்.