சோறு செய்தியாக எத்தனை பேர் மயங்கி விழவேண்டும்?

உணவு, கலாச்சாரம், நகர வாழ்க்கை என்று எழுதிப் பிழைக்கும் சென்னை சுதந்திரப் பத்திரிகையாளர், காஞ்சிபுரம் கோயில் இட்லியைப் பற்றி ஒருமுறையாவது எழுதாவிட்டால்தான் அதிசயம். மிளகு, சீரகம், சுக்கு என்று வர்ணனைக்குக் குறைவே இருக்காது. அந்த இட்லியைத் தேடி அவர் போவது பெங்களூர் நெடுஞ்சாலையில். வழியில் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர். தெற்கே திரும்பினால் ஒரகடம். கார் மட்டும் அங்கே நிற்பதேயில்லை!

1998-ல் ஹூண்டாய் ஆலையில் கார் உற்பத்தி தொடங்கியது. அதன்பின் அந்தப் பக்கம் புதிதாக ஒரு ஊரே முளைத்துவிட்டது. கொரிய எழுத்தில் பலகை வைத்த உணவகம், இரவு ஷிப்ட் முடித்து வருகிறவனுக்குப் பரோட்டா, வடமாநிலத் தொழிலாளிக்குச் சப்பாத்தி, விடுதிப் பெண்களுக்கு மொத்தமாய் வடித்த சோறு. நகர வாழ்க்கை என்பது இதுவும்தானே?

2021 டிசம்பரில் என்ன நடந்தது? ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் செய்த பெண்கள், விடுதிச் சாப்பாட்டால் நோயுற்றார்கள். 159 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். தோழிகள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை மூடப்பட்டு, 2022 ஜனவரி 12-ல்தான் திறந்தது. தொழிலாளர்களின் சில விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தன் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. உடனே அது வணிகச் செய்தி, போக்குவரத்துச் செய்தி, போலீஸ் செய்தி எல்லாம் ஆனது. ஆனால் அந்தச் சமையல்கட்டு, யாரும் மயங்கி விழுவதற்கு முன்பே ஒரு உணவுச் செய்தி. அப்போது உணவு எழுத்தாளர்கள் எங்கே போயிருந்தார்கள்?

"எங்கே சாப்பிடலாம் என்றுதான் வாசகர் கேட்கிறார்" என்பார்கள். எந்த வாசகர்? ஷிப்ட் பஸ்ஸில் போனில் படித்துக்கொண்டு போகிறவரும் வாசகர்தான்.

பழி முழுவதையும் எழுதுகிறவர் தலையில் போடுவதும் நியாயமில்லை. கட்டுரைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர் அவர். ஒரகடத்துக்கு நாலு நடை போய்வந்தால் பஸ் செலவு, நாள் செலவு அவருடையது. புது ஓட்டல் திறப்பு விழா என்றால் அழைப்பும் வரும், விருந்தும் கிடைக்கும். ஆபத்து வேறு. அந்தப் போராட்டத்தில் 67 பெண்களோடு உள்ளூர்ப் பத்திரிகையாளர் ஒருவரையும் போலீஸ் பிடித்து வைத்ததாக ராய்ட்டர்ஸ் எழுதியது. நிறுவனம் என்று ஒன்று பின்னால் நிற்காதவர் அங்கே போகத் தயங்கமாட்டாரா?

ஆக, நிரந்தர வேலை இல்லாத எழுத்தாளரும் நிரந்தர வேலை இல்லாத தொழிலாளியும் ஒரே நிலையில்தான் இருக்கிறார்கள். ஒருவர் தட்டில் என்ன விழுகிறது என்பதை மற்றவர் எழுதமுடியாதபடி வைத்திருப்பது, கட்டுரைக்குக் காசு கொடுக்கிற ஆசிரியர்கள்தான். பயணப்படி கொடுங்கள், பிரச்சனை வந்தால் கூட நில்லுங்கள். பிறகு கேளுங்கள், உணவுப் பக்கத்துக்கு நல்ல கட்டுரை ஏன் வருவதில்லை என்று!

கோயில் இட்லி எங்கும் ஓடிப்போகாது. போகிற வழியில் ஒருநாள் காரை நிறுத்தட்டும்.