உயிரியல் வினாவும் தமிழ்த்துறையின் கடமையும்

மருத்துவராக வேண்டும் என்னும் விழைவு இல்லாத வகுப்பறை நம் வட்டாரத்தில் அரிது. உப்பளத்தில் உழைப்போர் வீட்டிலும், பனைத்தொழிலை நம்பிய குடும்பத்திலும், கடலோடிகள் இல்லத்திலும் அவ்விழைவு வேர்விட்டிருக்கிறது. அதற்கும் மருத்துவக் கல்லூரியின் வாயிலுக்கும் இடையே நிற்பது நீட் என்னும் நுழைவுத் தேர்வு. அத்தேர்வுக்கான உயிரியல் வினாக்களைப் பயிலும் முறை குறித்துத் தமிழ்த்துறை மலரில் எழுதுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். தாவரவியல், விலங்கியல் துறையினர் பேச வேண்டிய பொருளில் தமிழாசிரியருக்கு என்ன வேலை என்றும் வினவலாம். வேலை உண்டு என்பதே இக்கட்டுரையின் கருத்து.

தமிழகத்தில் 1984ஆம் ஆண்டு தொடங்கித் தொழிற்கல்விக்கு மாநில நுழைவுத் தேர்வு நடைபெற்றது. 2006ஆம் ஆண்டின் சட்டம் அதனை நீக்கியது. அதன்பின் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே அளவுகோலாக இருந்தது. 2017 முதல் நீட் தேர்வு அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. அதிலிருந்து விலக்குக் கோரி நம் சட்டமன்றம் 2021இல் சட்டமுன்வடிவு நிறைவேற்றியதையும், அதற்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிட்டவில்லை என 2025இல் அறிவிக்கப்பட்டதையும் நாடறியும். இத்தேர்வு வேண்டுமா, வேண்டாவா என்னும் வழக்கு பெரிது. ஆயினும் வழக்கு முடியும்வரை பிள்ளைகளின் வயது காத்திருப்பதில்லை. இன்று பன்னிரண்டாம் வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவிக்கு இன்று என்ன செய்வது என்பதே நம் முன் நிற்கும் கேள்வி.

2025ஆம் ஆண்டுத் தேர்வில் 180 வினாக்கள். மொத்தம் 720 மதிப்பெண்கள். இவற்றுள் உயிரியலுக்கு மட்டும் 90 வினாக்கள், 360 மதிப்பெண்கள். அதாவது சரிபாதி. சரியான விடைக்கு நான்கு மதிப்பெண் கிடைக்கும். தவறான விடைக்கு ஒன்று குறையும். 180 நிமிடங்களில் 180 வினாக்கள் என்றால் ஒரு வினாவிற்கு ஒரு நிமிடமே.

இந்தக் கணக்கைக் கண்டு அஞ்சிய பெற்றோர், வினாத் தொகுப்புகளை வாங்கிக் குவிக்கின்றனர். பிள்ளைகளும் ஆயிரக்கணக்கான வினாக்களுக்கு விடை குறிக்கின்றனர். பின்பக்கத்து விடைப்பட்டியலோடு ஒப்பிட்டுச் சரியென்றால் மகிழ்கின்றனர். தவறென்றால் சரியான எழுத்தை மனனம் செய்துகொண்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுகின்றனர். பயிற்சி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நீந்தக் கற்பவன் நீரில் இறங்கியே ஆக வேண்டும். ஆனால் தவறு எங்கே நேர்ந்தது என்று ஆராயாத பயிற்சி, ஓட்டைக் குடத்தில் நீர் நிறைப்பது போன்றது.

தவறு எங்கே நேர்கிறது? அறியாமையால் நேர்வது ஒருவகை. அறிந்தும் வினாவைச் சரியாகப் படிக்காமையால் நேர்வது மற்றொரு வகை. கூற்று, காரணம் என்னும் வடிவில் வரும் வினாவைக் காண்போம். ‘கூற்று: இதயத்தின் இடது வெண்ட்ரிக்கிள் சுவர் வலது வெண்ட்ரிக்கிள் சுவரைவிடத் தடித்தது. காரணம்: இடது வெண்ட்ரிக்கிள் ஆக்சிஜன் மிகுந்த இரத்தத்தைப் பெறுகிறது.’ இரண்டும் உண்மையே. ஆயினும் இரண்டாவது, முதலாவதற்குக் காரணமன்று. உடல் முழுவதற்கும் இரத்தத்தைச் செலுத்த வேண்டியிருப்பதாலேயே அச்சுவர் தடித்திருக்கிறது. இதயத்தைப் பற்றி நன்கறிந்த மாணவனும், ‘இரண்டும் சரியா?’ என்பதற்கும் ‘ஒன்று மற்றொன்றை விளக்குகிறதா?’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை உணராவிட்டால் இங்கே வழுக்கி விழுவான். ‘பொருந்தாததைத் தேர்க’, ‘தவறான கூற்று எது’ என வரும் வினாக்களிலும் இதே இடர்ப்பாடு உண்டு. ஒரு வினாவைத் தவறாகப் படித்தால் கிடைக்க வேண்டிய நான்கு போய், இருப்பதிலும் ஒன்று குறைகிறது. ஆக ஐந்து மதிப்பெண் இழப்பு. பத்து வினாக்களில் இவ்வாறு நேர்ந்தால் ஐம்பது மதிப்பெண். விடை தெரிந்திருந்தும் வாசிப்புப் பிழையால் நேரும் இழப்பு இது.

மாணவர் பிழையோடு, வினாத்தாளின் பிழையும் சேர்ந்துகொண்ட காலம் உண்டு. 2018ஆம் ஆண்டு நீட் தேர்வின் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களின் மொழிபெயர்ப்பு பிழைபட்டிருந்ததாக வழக்குத் தொடரப்பட்டது. சிறுத்தை என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘சீத்தா’ என்று இருந்ததை அன்று பலரும் எடுத்துக்காட்டினர். உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அவ்வாண்டு ஜூலையில், தமிழில் எழுதியோர்க்கு 196 மதிப்பெண்கள் வழங்குமாறு தீர்ப்பளித்தது. நவம்பரில் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கிவிட்டது. மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்பது தேர்வின் விதி. தமிழை நம்பி எழுதியவரே அதன் பிழைக்கும் விலை கொடுக்க வேண்டும் என்பது என்ன நீதி? இவ்விதி மாற வேண்டும் என்று குரல் கொடுப்பது தமிழ்த்துறைகளின் முதற்கடமை. மாறும்வரை நம் பிள்ளைகளை ஆயத்தப்படுத்துவது இரண்டாவது கடமை.

அந்த ஆயத்தத்திற்குத் தொலைவில் உள்ள நகரங்களை நாட வேண்டியதில்லை. தூத்துக்குடிக்குத் தென்மேற்கே, பனையும் வாழையும் சூழ்ந்த சாயர்புரத்தையே எடுத்துக்கொள்வோம். ஆண்மலரும் பெண்மலரும் தனித்தனி மரங்களில் தோன்றும் தாவரத்திற்கு எடுத்துக்காட்டுக் கேட்கிறது பாடநூல். அலகுப்பனை, பருவப்பனை என்று ஆணையும் பெண்ணையும் பிரித்துப் பெயரிட்டு வழங்கும் மக்களின் பிள்ளைக்கு இதனை மனனம் செய்ய வேண்டிய தேவை என்ன? மிகு உப்புச் சூழலில் வாழும் ஆர்க்கிபாக்டீரியாவைப் பற்றி வினா வருகிறது. உப்பளத்தில் உவர்நீர் செறிந்து இளஞ்சிவப்பாக மாறுவதைக் கண்டவர்க்கு, உப்பை விரும்பும் நுண்ணுயிர் என்பது ஏட்டுச் சொல் மட்டும் அன்று.

கடலுக்குச் சென்றால் பெயரே பாடம் நடத்துகிறது. நட்சத்திர மீன் மீனன்று, முட்தோலி, கரையோர மக்கள் சொறி என்னும் ஜெல்லி மீனும் மீனன்று, குழியுடலி, கடற்குதிரையோ மீனே, கடற்பசு பாலூட்டி, முத்துச்சிப்பியும் சங்கும் மெல்லுடலிகள். வகைப்பாட்டியலில் மாணவரை மயக்கும் வினாக்கள் பெரும்பாலும் இப்பெயர்களைச் சுற்றியே அமைகின்றன. பெயருக்கும் பொருளுக்கும் உள்ள உறவையும் முரணையும் ஆராய்வது நம் துறையின் அன்றாடத் தொழில் அல்லவா?

இதற்கு முன்னோர் வழிகாட்டியிருக்கின்றனர். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக், கிரேக்க மருத்துவ நூல்களை அரபியில் பெயர்த்தார். அவரைப் போன்றோர் ஆக்கிய சொற்களின் மீதே அரபு மருத்துவம் எழுந்து நின்றது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். ‘மனுஷ அங்காதிபாதம்’ முதலிய நூல்களையும் தமிழில் தந்தார். சாயர்புரத்தில் 1842இல் கல்விப்பணி தொடங்கிய ஜி.யு. போப், பின்னாளில் திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலமாக்கியவர். கற்பிக்க வந்தவர் மாணவரின் மொழியை முதலில் கற்றார் என்பது நாம் நினைவில் கொள்ளத்தக்கது.

‘மருத்துவக் கல்லூரியில் பாடம் ஆங்கிலத்தில்தானே, தமிழில் பயின்று என்ன பயன்?’ என்று கேட்பவர் உளர். கேள்வியில் உண்மை இல்லாமல் இல்லை. ஆங்கிலக் கலைச்சொற்களை மாணவர் அறிந்தே ஆக வேண்டும். தமிழைத் தேர்ந்தவர்க்குத் தரப்படும் வினாத்தாளில் இரு மொழிகளும் அருகருகே இருப்பதால், ஐயம் தோன்றும்போது ஆங்கில வரியையும் நோக்கும் பழக்கம் வேண்டும். ஆயினும் கருத்து விளங்குவது தாய்மொழியில். விளங்கிய கருத்துக்கு ஆங்கிலப் பெயர் சூட்டுவது எளிது. விளங்காத கருத்துக்கு எந்த மொழியில் பெயர் சூட்டினும் பயனில்லை.

ஆகவே நம் தமிழ்த்துறைகளுக்கு மூன்று பணிகளை முன்வைக்கிறோம். ஒன்று, உயிரியல் துறையினருடன் அமர்ந்து இணைச்சொல் பட்டியல் ஆக்குதல். நொதி என்று படித்தவர் என்சைம் என்று கண்டு திகைக்கலாகாது. நிணநீர், ஊநீர் என இரு பெயர் வழங்கினால் இரண்டையும் அறிந்திருக்க வேண்டும். இரண்டு, பிழையற்ற தமிழில் வினாத்தாள்கள் எழுதி, ஒவ்வொரு விடைக்கும் காரணம் சேர்த்துச் சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு இலவசமாக வழங்குதல். மூன்று, சனிக்கிழமைதோறும் நம் தமிழ் முதுகலை மாணவர், ஊர்ப் பள்ளிகளுக்குச் சென்று வினாவை வாசிக்கக் கற்பித்தல். எது எழுவாய், எது எதிர்மறை, எது நிபந்தனை, எது காரணம் என்று பிரித்துக் காட்ட அவர்களால் இயலும்.

2020ஆம் ஆண்டின் சட்டம், மருத்துவச் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தந்தது. அவ்வழியே நுழையவும் தேர்வில் தகுதி பெற்றாக வேண்டும். பணம் கட்டிப் பயில இயலாத வீட்டுப் பிள்ளைக்கு அதற்குத் துணை யார்? நாளை அப்பிள்ளை மருத்துவராகி அமரும்போது, எதிரே வரும் நோயாளி தன் வலியைத் தமிழில்தான் சொல்வார். அந்த மருத்துவரை உருவாக்கும் பணியில் தமிழ்த்துறைக்கும் பங்குண்டு. இக்கல்வியாண்டிலேயே அப்பணியைத் தொடங்குவோம்.