படப்பையில் படியும் சாம்பல்

சங்க இலக்கியத்தில் மனையை ஒட்டிய தோட்டத்துக்குப் படப்பை என்று பெயர். பிற்காலத்தில் அது கொல்லையாகிப் புழக்கடையாகி, இன்று மொட்டைமாடியில் நாலு செடிப்பைகளாக வந்து நிற்கிறது. பெயர் மாறியதற்குச் சொல்லாராய்ச்சியில் காரணம் தேட வேண்டியதில்லை. இடம் சுருங்கிக்கொண்டே வந்ததுதான் காரணம். அந்தச் சுருக்கத்தைக் கடைசி எல்லைவரை அனுபவித்துவிட்ட பகுதி வடசென்னை. ராயபுரத்திலும் காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் எண்ணூர்க் குப்பங்களிலும் பெரும்பாலான வீடுகளுக்குப் புழக்கடை என்ற ஒன்றே கிடையாது. வாசற்படியும் சன்னல் மேடையும் மாடிக் கைப்பிடிச் சுவரும்தான் படப்பை.

ஆனாலும் செடி இல்லாத வாசல் இங்கே குறைவு. மீன் ஏற்றிவந்த தெர்மாகோல் பெட்டி, உடைந்த பிளாஸ்டிக் குடம், காலியான பெயின்ட் டப்பா என்று ஏதாவது ஒன்றில் துளசியோ கற்பூரவல்லியோ நித்தியகல்யாணியோ நிற்கும். மீன் கழுவிய தண்ணீரை வீணாக்காமல் ரோஜாவுக்கும் முருங்கைக்கும் ஊற்றும் வழக்கம் இங்கே உண்டு. மீன் கழிவையும் வெல்லத்தையும் சம எடையில் ஊறவைத்து வடிக்கும் மீன் அமிலத்தை இயற்கை வேளாண்மைக்காரர்கள் இன்று பரிந்துரைக்கிறார்கள். அதன் எளிய வடிவம் இந்தத் தெருக்களில் வெகுநாளாகவே புழக்கத்தில் இருக்கிறது.

மணலில் செடி வளர்ப்பது நெய்தல் நிலத்துக்குப் புதிதும் அன்று. சிறுமியர் விளையாட்டாக மணலில் அழுத்திவிட்டு மறந்துபோன புன்னை விதை முளைத்து மரமாகிறது. அதைப் பாலும் நெய்யும் வார்த்து வளர்த்த வீட்டில், தாய் அந்த மரத்தையே மகளுக்கு உடன்பிறந்தவளாகக் காட்டுகிறாள். நற்றிணையின் 172-ஆம் பாட்டில் வரும் செய்தி இது. ஊர்ப்பெயர்களும் இதற்குச் சாட்சி. எண்ணூரில் ஒரு மீனவர் குடியிருப்புக்குத் தாழங்குப்பம் என்று பெயர். அனல்மின் நிலையம் இருக்கும் ஊர் அத்திப்பட்டு. திருவொற்றியூர்க் கோயிலின் மகிழமரத்தடியில்தான் சுந்தரர் சங்கிலியாருக்குச் சூளுரைத்தார் என்கிறது பெரியபுராணம். அந்தச் சங்கிலியார் இறைவனுக்கு மாலை தொடுக்கும் திருப்பணி செய்தவர். பூத்தொண்டு நடந்த ஊரில் பூந்தோட்டமும் இருந்திருக்கத்தானே வேண்டும்?

ஆகவே வடசென்னைக்காரர்களுக்குச் செடி வளர்க்கச் சொல்லிக்கொடுப்பது அவசியமற்ற வேலை என்பது என் எண்ணம். அவர்களுக்குச் சொல்லப்படாமல் இருப்பது வேறொன்று. அவர்கள் வளர்க்கிற செடியின் வேர் எதைக் குடிக்கிறது, இலைமேல் என்ன படிகிறது என்பதை யாரும் அவர்கள் கையில் எழுதிக் கொடுக்கவில்லை. அதைச் சொல்லவேண்டியது அரசின் கடமை. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

தமிழ்நாட்டுத் தோட்டக்கலைத் துறை 2013-14-இல் சென்னையிலும் கோவையிலும் மானிய விலையில் மாடித்தோட்டத் தொகுப்புகளைக் கொடுக்கத் தொடங்கியது. செடிப்பை, தென்னைநார்க் கழிவு, விதை எல்லாம் அடங்கிய தொகுப்பு. நல்ல திட்டம், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அதை ஒட்டி எழுந்த பிரசாரம் முழுவதும் ‘நஞ்சில்லா உணவு’ என்ற ஒரே சொல்லில் நின்றது. பூச்சிமருந்து தெளிக்காவிட்டால் நஞ்சு இல்லை என்பது அதன் தர்க்கம். பூச்சிமருந்தைத் தவிர வேறு நஞ்சு வராத ஊருக்கு அந்தத் தர்க்கம் சரி.

நான்கு திசைக் காற்றுக்கும் நான்கு பெயர் வைத்த மொழி நம்முடையது. திருவொற்றியூரில் ஒரு மாடியில் நின்றுகொண்டு அந்த நான்கையும் எண்ணிப் பார்க்கலாம். கிழக்கிலிருந்து வரும் கொண்டல் கடலின் உப்பைக் கொண்டுவரும். மேற்கிலிருந்து வரும் கோடை, 1960-களில் தொடங்கி சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலைகளும் எழுந்த மணலியைக் கடந்து வரும். தெற்கிலிருந்து வரும் தென்றலுக்குத் துறைமுகத்தையும் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டும் சாலையையும் தாண்டித்தான் வழி. வடக்கிலிருந்து வரும் வாடை, அத்திப்பட்டிலும் வல்லூரிலும் உள்ள அனல்மின் நிலையங்களின் பக்கமிருந்து வரும். எண்ணூரிலேயே இருந்த பழைய அனல்மின் நிலையம் 1970-இல் தொடங்கி 2017-இல் மூடப்பட்டது. அத்திப்பட்டில் 1994 முதல் மின்சாரம் உற்பத்தியாகிறது. 2024-இல் அங்கே 800 மெகாவாட் அலகு ஒன்றும் புதிதாகச் சேர்ந்தது. இந்திய நிலக்கரியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல். அந்தச் சாம்பலில் ஆர்செனிக், ஈயம், குரோமியம், பாதரசம் ஆகியவை சிறு அளவுகளில் உண்டு.

நான் தமிழ் படித்தவன். செடிகளின் வேதியியல் எனக்குத் தெரிந்தது, படித்தும் கேட்டும் அறிந்த அளவுக்குத்தான். ஆனால் அடிப்படை எளிமையானது. உலோகம் நம் தட்டுக்கு வரும் வழி இரண்டு: இலைமேல் படிந்த தூசி, வேர் உறிஞ்சிய மண்நீர். முதலாவதைக் கழுவிப் போக்கலாம், இரண்டாவதைக் கழுவ முடியாது. கீரைகளும் முள்ளங்கி போன்ற கிழங்குகளும் ஈயத்தையும் காட்மியத்தையும் கூடுதலாகத் தாங்கி நிற்பவை. தக்காளி, வெண்டை, அவரை போன்று காயாகப் பறிப்பவற்றில் பொதுவாக அவை குறைவு. மட்கிய உரம் ஈயத்தைப் பற்றி வைத்துக்கொள்ளும். மண் புளித்தால் பல உலோகங்கள் இளகி வேருக்குள் எளிதாகப் போகும். ஆகவே தரைமண்ணைத் தொட்டியில் இடாமல், நம்பகமான இடத்து மண்ணும் தொழுவுரமும் கலந்து, கீரையைவிடக் காய்களுக்கு அதிக இடம் கொடுப்பது இந்தப் பகுதிக்குப் பொருந்தும் முறை. அப்படியும் கீரை வேண்டுமென்றால் ஓடும் தண்ணீரில் நாலு முறை அலச வேண்டும். பழைய பெயின்ட் டப்பாவும், பாதியாய் அறுத்து விற்கும் நீல டிரம்மும் உணவுச் செடிக்கு ஆகா. ஆலையில் அந்த டிரம்மில் என்ன இருந்தது என்று விற்பவருக்கே தெரியாது.

தண்ணீரின் கதையும் இதுதான். மீஞ்சூர்ப் பகுதியில் நகரத்துக்கும் ஆலைகளுக்கும் பல பத்தாண்டுகளாக நிலத்தடி நீரை இறைத்ததில் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே ஏறிவிட்டது. 2010-இல் காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. கையடிப் பம்பில் வரும் உவர்நீரைக் கொத்தவரை தாங்கும், பீன்ஸ் தாங்காது. தென்னைநார்க் கழிவிலும் உப்பு இருக்கும் என்பதால் நன்றாக அலசிய பிறகே பையில் நிரப்ப வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையைப் பிடித்து வைப்பது நல்லது. முதல் மழை மட்டும் கூரையின் சாம்பலைக் கழுவிக்கொண்டு வரும், அதை விட்டுவிட வேண்டும்.

இவை எல்லாம் ஒரு குடும்பம் தன் கையால் செய்யக்கூடியவை. இவற்றுக்கு அப்பால் குடும்பத்தின் கை எட்டாது. ராயபுரம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாளப்பட்ட காலத்தில் கரித்தூள் சுற்றுவட்டார வீடுகளில் படிந்தது. அது நின்றது 2011-இல், சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணையால். அதுவரை எத்தனை முறை இலையைத் துடைத்திருந்தாலும் மறுநாள் மீண்டும் படிந்திருக்கும். நின்ற கரி மறைந்துவிடவும் இல்லை, வடக்கே எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போயிற்று. ராயபுரத்து இலையின் பாரத்தை எண்ணூர் இலை ஏற்றுக்கொண்டது.

அதற்குப் பின் நடந்தவை நமக்குத் தெரியும். 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதிக் கரையெங்கும் எண்ணெய் ஒதுங்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியே கொசஸ்தலையாற்று முகத்துவாரம்வரை பரவி வீடுகளுக்குள்ளும் புகுந்தது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவு, உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டு, பெரியகுப்பம் மக்கள் இருட்டில் வீட்டைவிட்டு ஓடினார்கள். அந்த அம்மோனியா, நாடெங்கும் வயலுக்குப் போகும் உரத்தின் மூலப்பொருள். யாருடைய பயிரோ செழிக்க இவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டியிருந்தது.

இனி என் கோரிக்கை. மத்திய அரசு 2015-இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் மண்ணின் பன்னிரண்டு கூறுகள் சோதிக்கப்படுகின்றன. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், கார அமில நிலை, உப்பின் அளவு, கரிமம் ஆகியவை அவை. உழவருக்கு இது பயனுள்ள பட்டியல். எண்ணூர்க்காரருக்குப் போதாது. ஈயம், காட்மியம், ஆர்செனிக், பாதரசம் ஆகியவை இதில் இல்லை. அட்டையில் சாம்பல்சத்து உண்டு, சாம்பலுக்கு இடமில்லை.

ஆஸ்திரேலியாவில் சிட்னியிலுள்ள மக்குவாரி பல்கலைக்கழகம் 2013-இல் ‘வெஜ்சேஃப்’ என்றொரு திட்டத்தைத் தொடங்கியது. வீட்டுத்தோட்டக்காரர்கள் தங்கள் மண்ணைப் பொட்டலம் கட்டி அனுப்பினால், உலோகங்களைச் சோதித்து முடிவை அவர்களுக்கே எழுதி அனுப்புவார்கள். என்ன செய்யலாம் என்ற ஆலோசனையும் கூடவே வரும். இதை இங்கே செய்ய முடியாது என்று சொல்வதற்கு எந்தக் காரணமும் இல்லை. பல்கலைக்கழகங்களில் கருவிகள் இருக்கின்றன. மண்ணைத் தெருத்தெருவாகச் சேகரிக்க வடசென்னைக் கல்லூரிகளில் மாணவர்கள் இருக்கிறார்கள். முடிவுகளை வார்டுவாரியாகப் பொதுவில் வைக்க மாநகராட்சி இருக்கிறது. மாசுபடுத்தியவரே அதற்கு விலை தரவேண்டும் என்ற கோட்பாட்டை உச்சநீதிமன்றம் 1996-இல் ஏற்றுக்கொண்டது. அதுவும் நம் வடஆர்க்காட்டுத் தோல் தொழிற்சாலைகளைப் பற்றிய வழக்கில்தான். சோதனைக்கும், மாற்று மண்ணுக்கும் ஆகும் செலவை யாரிடம் கேட்பது என்பதில் ஆகவே குழப்பம் இல்லை.

இப்படியெல்லாம் எழுதினால் இருக்கிற நாலு செடியையும் மக்கள் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள் என்றார் ஒரு நண்பர். நான் அப்படி நினைக்கவில்லை. கடலுக்குப் போகிறவர்கள் காற்று எப்படி என்று கேட்டுக்கொண்டுதான் போகிறார்கள். காற்று சரியில்லை என்று தெரிந்தால் அன்றைக்குக் கரையில் இருப்பார்களே தவிர, தொழிலை விட்டுவிடுவதில்லை. அபாயத்தின் அளவு தெரிந்தால் அதற்கேற்ப நடந்துகொள்ள அவர்களுக்குத் தெரியும். தெரியாமல் வைத்திருப்பதுதான் கேடு. அதிலும் ஈயத்தின் பாதிப்பு பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கே அதிகம். இந்த அளவுவரை ஈயத்தால் தீங்கில்லை என்று உலக சுகாதார நிறுவனம் எந்த அளவையும் குறிக்கவில்லை.

மாடியில் பறித்த முருங்கைக்கீரையை ஆய்ந்து பிள்ளைக்குச் சமைக்கிற தாய், அது கடைக்கீரையைவிட நல்லது என்று நம்பித்தான் சமைக்கிறாள். அந்த நம்பிக்கை சரியா என்று அவளுக்குச் சொல்லவேண்டியவர்கள் இன்னும் சொல்லவில்லை. அடுத்த ஆடிப்பட்டத்துக்கு விதை கொடுக்கிற துறை, விதைப் பொட்டலத்தோடு அவள் தொட்டி மண்ணின் சோதனைச் சீட்டையும் சேர்த்துக் கொடுக்கட்டும்.