சந்திரகிரியில் அரசி எங்கே?

திருப்பதிக்குப் படிக்க வரும் தமிழ் மாணவருள் திருமலை ஏறாதவர் அரியர். சில கல் தொலைவிலுள்ள சந்திரகிரிக் கோட்டைக்குச் சென்றவர் எத்துணைப் பேர்? சென்றவரும் இரண்டு பெயர்களைக் கேட்டுக்கொண்டு திரும்புகின்றனர்: ராஜ மகால், ராணி மகால். அரசனுக்கு ஒன்று, அரசிக்கு ஒன்று. கேட்க இனிக்கிறது. உண்மைதானா?

ராணி மகாலின் கீழ்த்தளத்தைப் பாருங்கள். திறந்த வளைவுகள்! அந்தப்புரம் இப்படியா இருக்கும்? கீழே குதிரை லாயம், மேலே படைத்தலைவன் இருப்பிடம் என்று கருத இடமுண்டு என்பர் ஆய்ந்தோர். நாமோ வாழ்ந்தாளோ இல்லையோ அறியாத ஓர் அரசியை அங்கே குடியேற்றிவிட்டோம்.

சாளுவ நரசிம்மர் இச்சந்திரகிரியிலிருந்து எழுந்தே 1485இல் விசயநகர அரியணையைக் கைப்பற்றினார். 1529இல் முடிசூடும் முன் அச்சுதராயர் காவலில் இருந்ததும் இங்கேதான். 1565ஆம் ஆண்டுத் தலைக்கோட்டைப் போருக்குப் பின் பெனுகொண்டாவுக்குப் பெயர்ந்த தலைநகர், இரண்டாம் வேங்கடர் காலத்தில் இங்கு வந்தது. ஏசுசபைப் பாதிரிமாரும் அவர் அவைக்கு வந்தனர். இத்துணையும் இருக்க, நம்மவர் வாயில் நிற்பது ஒன்றே: “சென்னையை வெள்ளையனுக்கு எழுதிக் கொடுத்த மாளிகை!” 1639இல் பிரான்சிஸ் டேக்கு அந்நிலத்தை வழங்கியவர் தாமர்ல வேங்கடாத்திரி நாயக்கர், ராயருக்கு அடங்கிய தலைவர். ராயர் பெயர் பெரிதென்று நாயக்கரை மறைப்பது வரலாறாகுமா?

இன்னொரு வம்பும் உண்டு. மாளிகை தமிழருடையதா, தெலுங்கருடையதா என்று விடுதியில் இரவெல்லாம் வழக்கு! 1911இல் உருவான சித்தூர் மாவட்டத்திலிருந்து 1960இல் திருத்தணி தமிழகம் சேர்ந்தது. 2022இல் சந்திரகிரி புதிய திருப்பதி மாவட்டத்துக்குப் போயிற்று. திருமலைக் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழ் என்பதில், தென்பாண்டியிலிருந்து வந்த எனக்கும் மகிழ்ச்சியே. அதைக் காட்டி மாளிகைக்குப் பட்டா கேட்க மாட்டேன்.

நான் வேதியியல் மாணவன். எனக்குச் சுவரே ஏடு. ராஜ மகால் மூன்றடுக்கு. கல்லும் செங்கல்லும் சுண்ணச் சாந்தும் கொண்டு, மரமின்றி எழுப்பியது. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் கரியமில வாயு வெளியேறும். நீற்றிய சுண்ணம் சுவரில் இறுகும்போது அவ்வாயுவைக் காற்றிலிருந்து மீண்டும் வாங்கிக்கொள்ளும். அக்காலக் காற்றிலிருந்த கதிரியக்கக் கரியும் அதனுடன் சிறைப்படும். அதனை அளந்து சாந்தின் வயதைக் கணிக்கலாம். சரியாகச் சுடப்படாத கல்துணுக்கு கலந்திருந்தால் கணக்கு முன்னே ஓடிவிடும்; பிற்காலப் பூச்சானால் பின்னே வந்துவிடும். எளிய வேலையன்று. ஆனால் விடுதி வழக்கைவிடப் பயனுடைய வேலை.

சுவரை ஒரு நகமளவு சுரண்டவும் தொல்லியல் துறையின் இசைவு வேண்டும். ஆர்வ மிகுதியால் எவரும் ஆணியோடு புறப்பட வேண்டா! வேதியியல் துறையும் வரலாற்றுத் துறையும் சேர்ந்து விண்ணப்பிக்கட்டும். நம் மன்றத்தின் அடுத்த சுற்றுலா சந்திரகிரிக்கே ஆகட்டும். தெலுங்கு நண்பர்களையும் அழைப்போம். செயலாளர் இதனை வரும் கூட்டத்தில் தீர்மானமாக வைத்தால், வழிமொழிய நான் எழுந்து நிற்பேன்.